மட்கார்டில் ஒன்பது இலை

சைக்கிளில் ஒட்டின பச்சை இலையை ஸ்டிக்கர் அண்ணன் உரித்து நான் பார்த்ததே இல்லை. ஒருத்தன் இந்த வாரம் கபடி நன்றாக ஆடி இலை வாங்குவான். அடுத்த வாரம் குடித்துவிட்டு வந்து மொத்த ஆட்டத்தையும் கெடுத்துவிட்டுப் போவான். "அந்த எலைய பிச்சிப் போடுண்ணே" என்று மற்றவர்கள் குதிப்பார்கள். அவர் அசைய மாட்டார். "அன்னிக்கு ஆடனதுக்கு அன்னிக்கு ஒட்டனேன். இன்னிக்கு கெட்டான்னா இன்னிக்கு எல கெடையாது. ஒட்டுனத உரிச்சா அன்னிக்கு நான் பாத்தது பொய்யின்னு ஆயிடும்டா."

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த ரெண்டு கடையில் ஒன்று அவருடையது. லாரிக்கும் மினி லாரிக்கும் நம்பர் எழுதுவது, பஸ் கண்ணாடிக்கு சாமி பேர் வெட்டுவது, சைக்கிளுக்கு ரேடியம் ஒட்டுவது. ஊரே ஸ்டிக்கர் அண்ணன் என்றது, நானும் அப்படியே. பக்கத்துக் கடை தையல் கடை. எட்டாவது பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், அங்கே சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். ரெண்டு கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அவர் அதில் ரெண்டு தட்டு தட்டினால் டீ வந்திருக்கிறது என்று அர்த்தம். நான் ஒரே ஒரு தட்டு தட்டினால் வேண்டாத ஆள் வந்திருக்கிறான், வாயை மூடு என்று அர்த்தம். பெரும்பாலும் எங்கள் முதலாளி வரும்போதுதான் தட்டுவேன். அந்தப் பக்கம் கதை பாதியில் நின்றுபோகும். அவரை நிறுத்த அந்த ஒரு தட்டை விட்டால் வேறு வழி கிடையாது. அவ்வளவு பேச்சு.

பேச்சும் வேறெதைப் பற்றியும் இல்லை. இலையைப் பற்றித்தான்.

எடைக்கு வாங்கின பழைய வெளிநாட்டுப் புத்தகக் கட்டில் ஒரு பக்கம் அவருக்குக் கிடைத்திருந்தது. அதில் ஒரு படம். பத்து இருபது பேர் தலையில் பானை கவிழ்த்த மாதிரி ஹெல்மெட் போட்டுக்கொண்டு குனிந்து நிற்கிறார்கள். ஹெல்மெட் முழுக்க சின்னச் சின்ன இலை. டீ குடிக்க வருகிற பேங்க் குமாஸ்தா ஒருவரைப் பிடித்து வைத்து, அந்தப் பக்கத்தை நாலு நாள் படித்துச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அதற்கப்புறம் நம்பர் பிளேட்டுக்கு வந்தவன் யாரும் அந்தக் கதையைக் கேட்காமல் போக முடியாது.

"அமெரிக்காவுல காலேஜ் பசங்க ஆடற ஆட்டம்டா. பேரு ஃபுட்பாலு" என்று என்னிடம் முதல் தடவை சொன்னார்.

"காலால ஒதைக்கறதுக்குத் தலையில எதுக்குண்ணே ஹெல்மெட்டு?"

"ஒதைக்கறதில்லடா, பந்த கையில தூக்கிக்கினு ஓடறது."

"கையில தூக்கிக்கினு ஓடறதுக்கு இன்னாத்துக்கு ஃபுட்பாலுன்னு பேரு?"

"அத அவன்கிட்ட போயி கேளு, என்கிட்ட ஏன்டா கேக்கற? ஒருத்தன ஒருத்தன் முட்டிக்கினு வுழுவானுங்க. அதான் ஹெல்மெட்டு. நல்லா ஆடனவன கோச்சு கூப்ட்டு மண்டையில ஒரு எல ஒட்டுவாரு. வருசக் கடைசியில பாத்தன்னா ஹெல்மெட்டே தெரியாது, எலதான் தெரியும்."

அதோடு விட மாட்டார். அந்த வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்ற சரித்திரத்துக்குப் போவார். ஒரு காலேஜ்காரன் நாங்கள்தான் முதலில் ஒட்டினோம் என்கிறானாம். இன்னொரு ஊர் கோச்சு, அதற்குப் பல வருஷம் முன்னாலேயே நான் நட்சத்திரம் ஒட்டினேன் என்கிறாராம். "இதுக்கெல்லாம் முன்னாடி சண்டை பிளேனு ஓட்டனவன் இருக்கான்டா. எதிரி பிளேன ஒண்ணு வுழுத்தனா, தன் பிளேன்மேல ஒரு குறி போட்டுக்குவான். எத்தினி குறியோ அத்தினி வுழுத்திருக்கான்னு அர்த்தம். அங்கேர்ந்து வந்ததுடா இது." இந்த இடத்தில் மட்டும் குரல் இறங்கும், சாமி கதை சொல்கிற மாதிரி.

எங்கள் கபடி டீமுக்கு அவர்தான் எல்லாம். ஆனால் வாழ்நாளில் ஒரு தடவைகூட கோட்டுக்குள் இறங்கி ஆடினவர் இல்லை. கோட்டுக்கு வெளியே குந்தி உட்கார்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். இலை கொடுக்க ஆசை. ஹெல்மெட்டுக்கு எங்கே போவது? "தலைய மொட்டை அடிச்சி ஒட்டட்டுமா?" என்று கேட்டவர், கடைசியில் சைக்கிள் மட்கார்டைப் பிடித்தார். முன் மட்கார்டு. எதிரில் வருகிறவன் பார்த்தே ஆக வேண்டிய இடம்.

என்ன இலை ஒட்டுவது என்று ஒரு வாரம் யோசித்துக் கடைசியில் கடுக்காய் இலை என்று முடிவாயிற்று. அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் சடையன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அந்தப் பக்கம் அவன் ஊர். சாமையும் கடுக்காயும் விற்கக் கீழே வருவான், வந்தவன் எங்களோடு ஆட ஆரம்பித்தான். அவன் பாடிப் போனால் எதிர் டீமில் ஒருத்தனாவது வெளியே போகாமல் இருக்க மாட்டான். அவன் கொண்டுவந்த இலையைப் பச்சை ரேடியம் ஷீட்டின் மேல் வைத்து, பாதியாக ஒடித்த பிளேடால் அவர் வெட்டுவார். கையால் வெட்டுவதால் ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. ஒட்டுவதற்கு முன்னால் மட்கார்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, அப்புறம் சட்டை நுனியால் துடைத்து, கட்டை விரலால் அழுத்திப் பத்து எண்ணுவார். வாய்விட்டு எண்ணுவார். அந்தப் பத்து எண்ணுகிறவரை ஒருத்தனும் பேச மாட்டோம்.

எழுதி வைக்கிற பழக்கம் இல்லை. எந்த இலை எந்த ஆட்டத்துக்கு, எந்தப் பிடிக்கு என்று கேட்டால் கண்ணை மூடி விரலால் தடவியே சொல்வார். "இது நுனி வளைஞ்சிது. சங்கராபுரத்துல மழையில ஆடனது. மூணு பேரு கால புடிச்சிக்கினு தொங்கறான், இவன் இழுத்துக்கினு வந்து கோட்ட தொட்டான்." கேட்கிறவனுக்குப் பொறுமை போனாலும் விட மாட்டார். காரணம் தெரியாமல் ஒரு இலையைப் பார்த்துவிட்டு எவனும் போய்விடக் கூடாது. இலை அவருக்குப் பெரிசில்லை, அந்தக் காரணம்தான் பெரிசு. நான் அவரோடு இருந்த வருஷங்களில் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

சடையன் மட்கார்டில் ஒன்பது இலை. எனக்கு ஒன்று.

அந்த ஒன்றும் ஆடி வாங்கினது இல்லை. தியாகதுருகத்தில் ஒரு ஆட்டம். நான் முதலிலேயே அவுட்டாகி ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைசிப் பாட்டு சடையனுடையது. ரெண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறான், பின்னால் பிடி விழுகிறது. நடுக்கோட்டைத் தாண்டிவிட்டதாக நினைத்து மூச்சை விடப் போகிறான். தாண்டவில்லை. எனக்குப் பகீர் என்றது. எதற்கெடுத்தாலும் முதலில் பகீர் என்பது எனக்குத்தான். "கோடு! கோடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவன் கையை நீட்டித் தொட்டான். ஜெயித்தோம்.

மறுநாள் என் சைக்கிளை நிறுத்தி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார் அவர்.

"ஒக்காந்துக்கினு இருந்தவனுக்கு எலையா? அப்ப எங்கூட்டு ஆட்டுக்கும் ஒண்ணு ஒட்டுண்ணே, அதுவும் கத்துச்சி" என்று ஒருத்தன் சிரித்தான்.

"அது நேரத்துக்குக் கத்துச்சா? இவன் கத்தனான். பயந்தவன் வாய்தான்டா கூட்டத்த காப்பாத்தும்" என்று சொல்லி அழுத்தினார். ஒன்று, ரெண்டு, மூன்று… பத்து.

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டை மறித்த வருஷம் வந்தது. ஒரு வாரம் என்றார்கள். உளுந்தூர்பேட்டை ரோட்டில் புளிய மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, பேப்பர் வரவில்லை. ஒவ்வொருத்தன் வாயிலும் ஒவ்வொரு செய்தி. எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் டீமிலேயே நாலைந்து பேர் மறியலுக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்கு அது நியாயமான கேள்வி, போனார்கள். சடையன் மலைக்காரன், அவனுக்கும் அந்த மறியலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அவனுக்கு வேறு அவசரம். விளையாட்டுக் கோட்டாவில் அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஸ்டிக்கர் அண்ணன்தான் அலைந்து விண்ணப்பப் பாரம் வாங்கி, நிரப்பி, கையெழுத்தெல்லாம் வாங்கி வைத்திருந்தார். கடலூரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தேதி நெருங்கிவிட்டது, தபாலும் போகவில்லை. அவன் அவரிடம்கூடச் சொல்லாமல், சைக்கிளிலேயே போய்விடுகிறேன் என்று விடியற்காலையில் கிளம்பிவிட்டான்.

மத்தியானம் முழங்கால் வரை சேற்றோடு எங்கள் தையல் கடைப் பின்வாசலில் வந்து நின்றான். சட்டைக்குள்ளே பாரம் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"எலவனாசூர்கோட்டகிட்ட மரம் கெடக்குது. எறங்கித் தூக்கிக்கினு தாண்டறேன், போலீசு வந்துட்டான். கண்ணு மண்ணு தெரியாம அடிக்கறான். எல்லாரும் ஓடறாங்க. நானும் சைக்கிள வரப்புலயே போட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

"அடி பட்டுதா?"

"இல்ல. அண்ணன்கிட்ட சொல்லிடாத. சைக்கிள வுட்டுட்டு வந்தேன்னா திட்டுவாரு. ரெண்டு நாளு போவட்டும், நானே எடுத்தாந்துடறேன்."

வயலில் இறங்கி மலைப் பக்கம் நடந்தே போய்விட்டான். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் கேட்டான் என்பதற்காக இல்லை, சொல்லப் பயந்துதான்.

மறுநாள் கடைவீதி பாதி மூடியிருந்தது. முதலாளி வரவில்லை. கதவைப் பாதி சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து காஜா எடுத்தேன். ஊசிக்கு என்ன சத்தம் இருக்கிறது. நான் உள்ளே இருப்பது பக்கத்தில் அவருக்கே தெரியாது என்று நினைத்தேன்.

ரெண்டு பேர் அவர் கடைக்கு வந்த சத்தம் கேட்டது. பலகை இடுக்கில் பார்த்தேன். பேன்ட், சட்டை, ஒட்ட வெட்டின தலை. ஒருத்தன் கையில் ஒரு சைக்கிள் மட்கார்டு. கழற்றி எடுத்து வந்திருக்கிறான். ஒன்பது இலை.

"இது உங்க வேலையா? நல்லா இருக்குதே" என்றான் வந்தவன்.

அவர் முகம் மலர்ந்ததை அந்த இடுக்கிலேயே பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டார். "குந்துங்க. இது இன்னா தெரியுங்களா? அமெரிக்காவுல ஒரு ஆட்டம்…"

ஊசி விரலில் குத்திவிட்டது. தட்டணும் என்று நினைத்தேன். ஒரே ஒரு தட்டு. இந்தக் கதைதானே, இதில் என்ன இருக்கிறது, கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று அடுத்த நிமிஷமே நினைத்தேன். அவர் ஹெல்மெட்டைச் சொன்னார். காலேஜைச் சொன்னார். நட்சத்திரம் ஒட்டின கோச்சைச் சொன்னார். குரல் இறங்கிற்று. பிளேனுக்கு வந்துவிட்டார். "எதிரி பிளேன ஒண்ணு வுழுத்தனா ஒரு குறி. எத்தினி குறியோ அத்தினி…"

"ஓகோ" என்றான் வந்தவன். மட்கார்டை மேசைமேல் வைத்தான். "அப்ப மரத்த ஒண்ணு வுழுத்தனா ஒரு எல. ஒம்போது எல, ஒம்போது மரம். சரியா?"

வந்திருப்பது போலீஸ் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அய்யய்யோ, மரம் இல்லீங்க! சாமி சத்தியமா மரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. இது கபடிங்க."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவீங்க. மரத்துக்கு எல ஒட்டிக் குடுத்தவன்னு உன் பேரையும் சேத்துதான் எழுதணும்."

"என் பேர எழுதிக்கங்க, அது கெடக்குது. பையன்மேல மரம்னு எழுதிடாதீங்க. ஒவ்வொரு எலைக்கும் காரணம் சொல்றேன், கேளுங்க."

சொல்ல ஆரம்பித்தார். விரலால் தடவிக்கொண்டே, முதல் இலையிலிருந்து. தனக்கு என்ன ஆகும் என்ற பயம் அந்தக் குரலில் இல்லை. ஒன்பது மரத்தின் பழியிலிருந்து அவனை இறக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். நுனி வளைந்தது சங்கராபுரம். காம்பு தடித்தது உளுந்தூர்பேட்டை லாரி ஷெட்டில் நடந்தது. அதற்கு அடுத்தது எதிரி ஆள் கை பிசகி விழுந்தபோது பாட்டை விட்டுவிட்டுத் தூக்கினானே, அதற்கு. பையன், பையன் என்றேதான் சொல்லிக்கொண்டு வந்தார். பேர் சொல்லக் கூடாது என்ற நினைவு அவருக்கும் இருந்திருக்கிறது. எனக்கும் இருந்தது. கை பலகைமேல் இருந்தது. விரலை மடக்கி வைத்திருந்தேன். அவன் சைக்கிள் ஏன் அங்கே கிடந்தது என்று தெரிந்தவன் இந்த ஊரிலேயே நான் ஒருத்தன்தான்.

தட்டினால் யார் உள்ளே என்பான். வெளியே வா என்பான். நீயும் அந்த டீமா என்பான். வாசலில் என் சைக்கிள் நிற்கிறது, ஒரு இலையோடு. முன் சக்கரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேனா இல்லையா? அது ஞாபகம் வரவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது இலையில் அது நடந்துவிட்டது.

"இதுக்கு மட்டும் நான் அழுதுட்டேங்க. அன்னிக்கு மலையில செம மழ. பஸ்ஸு வரல. பதினாறு மைலு நடந்தே எறங்கி வந்து ஆடனான்யா எங்க சடையன்!"

வந்தவன் எழுதிக்கொண்டான். எட்டையும் ஒன்பதையும்கூடப் பொறுமையாகக் கேட்டான். "நல்ல ஞாபக சக்தி உனக்கு" என்று சொல்லி மட்கார்டை எடுத்துக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரம் கழித்து ரெண்டு தட்டு கேட்டது. டீ. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுபடி ரெண்டு தட்டு. சைக்கிளை வாசலிலேயே விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டேன். சாயங்காலம் இப்போதுதான் ஊரிலிருந்து வருகிற மாதிரி வந்தேன். அவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எங்கடா போன? ஒம்போது மரம்னு நம்ம சடையன்மேல எழுதப் பாத்தானுங்கடா. ஒவ்வொரு எலையா சொல்லிப் புரிய வச்சி அனுப்பனேன். தப்பிச்சான். ஆமா, அவன் மட்கார்டு இவனுங்க கைக்கு எப்பிடிடா போச்சி?"

"தெரியலண்ணே" என்றேன்.

ரெண்டாம் நாள் மலையிலிருந்து ஜீப்பில் அவனை இறக்கிக் கொண்டுவந்தார்கள். மரம் என்று எழுதவில்லை. அந்த மட்டும் அவர் சொன்னதை நம்பியிருக்கிறார்கள். மறியல், கல்லெறிந்தது, ஓடினது என்று எழுதினார்கள். பாரம் கொடுக்கிற தேதியை மறியலால் தள்ளி வைத்திருந்தார்கள். அந்தத் தேதி வந்தபோது அவன் உள்ளே இருந்தான். வெளியே வந்ததும் அடுத்த தடவைக்குக் கேட்டுப் பார்த்தார் அவர். கேஸ் இருப்பவனுக்கு வேலை கிடையாது என்றார்கள். கேஸ் வருஷக் கணக்கில் இழுத்தது. சாட்சி இல்லாமல் தள்ளுபடியானபோது அவனுக்கு வேலைக்குச் சேருகிற வயசு தாண்டிவிட்டது. ஆடுகிற வயசும்தான்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் கடையைச் சாத்திவிட்டுக் கோர்ட்டுக்குப் போவார். தன்னைக் கூப்பிட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று காத்திருப்பார். கூப்பிடவே இல்லை. வக்கீல் அவரைப் பார்த்தாலே, "நீ மட்டும் வாயத் தொறக்காத" என்பார். ஒரு தடவை நானும் போயிருந்தேன். கோர்ட் வாசல் மரத்தடியில் அவரும் சடையனும் புரோட்டா பொட்டலத்தை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரெண்டு பேருமே தின்னவில்லை.

"வுடுண்ணே" என்று சடையன்தான் சொன்னான். "நீ சொன்னது எல்லாம் நெசந்தான?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம் அவர் இலை வெட்டவில்லை. டீம் கலைந்துவிட்டது. நம்பர் பிளேட்டுக்கு வருகிறவனிடம் "நம்பர சொல்லு" என்பதோடு சரி. சுவரில் ஒட்டியிருந்த அமெரிக்காப் படம் பழுத்து, ஒரு மழையில் ஊறி விழுந்தது. அவர் எடுக்கவில்லை. சுத்துப்பட்டு ஊரிலெல்லாம் இலை ஒட்டின சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பயந்து உரித்தவன் பாதி, சைக்கிளை விற்றவன் பாதி. நான் மட்டும் உரிக்கவில்லை. ஒரு நாள் பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், விளிம்பில் வைத்தேன், கை வரவில்லை. அவரிடமே தள்ளிக்கொண்டு போனேன்.

"இத நீயே எடுத்துடுண்ணே. எனக்கு வேணாம்."

ரொம்ப நேரம் அந்த இலையைப் பார்த்தார். கட்டை விரலை அதன்மேல் வைத்தார். எண்ணவில்லை.

"தியாகதுருகம்" என்றார். "அன்னிக்கு நீ கத்தனது நெசம். அத எப்பிடிடா எடுக்கறது?"

மட்கார்டைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்க்காமல், பலகைத் தடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அவனுங்க வந்த அன்னிக்கு நீ கடையில இல்ல, இல்ல?"

"இல்லண்ணே."

"அதான்" என்றார். "இருந்திருந்தா ஒரு தட்டு தட்டியிருப்ப."